மசோதா வந்தால் முதலில் கடைசிப் பக்கத்தைத் திறங்கள்

நான் மயக்க மருத்துவர். புதுக்கோட்டையில் வீடு. இருபத்தாறு வருடமாக நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாகப் போய்வருகிறேன். ஆலங்குடியிலோ அறந்தாங்கியிலோ திடீர் சிசேரியன் என்றால் ராத்திரி ஒரு மணிக்கும் போன் வரும். கார் டிக்கியில் லாரிங்கோஸ்கோப், டியூப்கள், ஸ்பைனல் ஊசி, மருந்துப் பெட்டி எல்லாம் எப்போதும் தயாராக இருக்கும். சொந்தமாக ஒரு கட்டில்கூடக் கிடையாது. அதனால் ஆஸ்பத்திரிச் சட்டம் எதுவும் என்னைத் தொடாது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2017 டிசம்பர் கடைசியில் தேசிய மருத்துவ ஆணைய மசோதா மக்களவைக்கு வந்தது. எங்கள் ஊர் டாக்டர்கள் கூடிப் பேசி, "மேடம், நீங்கதான் நல்லா எழுதுவீங்க" என்று ஆட்சேபக் கடிதத்தை என் தலையில் கட்டினார்கள். ஒன்பது பக்கம் எழுதினேன். தொழிலின் மாண்பு, புனிதம், தியாகம் எல்லாம் அதில் இருந்தன. ஒரே ஒரு கூறு (மசோதாவின் கிளாஸ்) எண்கூட இல்லை. ஏனென்றால் மசோதாவை நான் படிக்கவே இல்லை; வாட்ஸ்அப்பில் வந்த சுருக்கத்தைப் படித்துவிட்டு எழுதினேன். "ஆறே மாதம் படித்தவர் நாளை மயக்க மருந்து கொடுப்பார்" என்று ஒரு பக்கம் முழுக்கக் கொதித்திருந்தேன். பிறகு மசோதாவை எடுத்துப் பார்த்தால், ஆயுஷ் மருத்துவர்கள் நவீன மருந்துகளை எழுத இணைப்புப் படிப்பு என்று 49-ஆம் கூறில் இருந்தது உண்மை. ஆனால் ஆறு மாதம் என்ற கணக்கு எங்குமே இல்லை. எனக்கு வந்த பதில், கடிதம் கிடைத்தது என்ற ஒரு வரி.

அதற்கப்புறம் சில மசோதாக்களையும் விதிகளையும் பென்சிலோடு உட்கார்ந்து படித்துவிட்டேன். இப்போது எங்கள் பக்கத்து இளம் ஸ்பெஷலிஸ்டுகள், "எப்படி எழுதறது மேடம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். வக்கீல் எழுத வேண்டிய விஷயம் வேறு. நோயாளியின் தலைமாட்டில் நிற்கிறவர் எழுத வேண்டியது இது.

முதலில் மசோதாவையே எடுங்கள், அதிலும் சரியான வடிவத்தை

மத்திய அரசின் மசோதா என்றால் நாடாளுமன்ற அவைகளின் இணையதளத்தில் கிடைக்கும். மாநிலத்தினுடையது என்றால் சட்டமன்றத் தளத்திலோ அரசிதழிலோ தேட வேண்டும். தமிழில் அதன் பெயர் சட்டமுன்வடிவு. ஒரே மசோதாவுக்கு இரண்டு மூன்று வடிவங்கள் இருக்கும்: அறிமுகமானது, குழு திருத்தியது, அவையில் நிறைவேறியது. ராஜஸ்தானின் சுகாதார உரிமை மசோதா 2022 செப்டம்பரில் அறிமுகமாகி, தெரிவுக்குழுவுக்குப் போய், மாற்றங்களோடு திரும்பி வந்து, 2023 மார்ச் 21 அன்று நிறைவேறியது. அந்த மார்ச்சில் என் போனுக்கு வந்த ஃபார்வர்டுகளில் பாதி, பழைய செப்டம்பர் வடிவத்தைத் திட்டிக்கொண்டிருந்தன. நீங்கள் கையில் வைத்திருக்கும் தாளின் தேதியை மேல் ஓரத்தில் எழுதிவிட்டுத்தான் படிக்க ஆரம்பிக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் தேதி போடாமல் நோட்ஸ் எழுதுவோமா?

கடைசிப் பக்கம்

பெரும்பாலானோர் முகப்பில் இருக்கும் நீண்ட தலைப்பையும் நோக்கத்தையும் படித்துவிட்டு அங்கேயே சண்டையை ஆரம்பித்துவிடுகிறார்கள். நோக்கம் எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும். எந்த அரசாவது மக்கள் நோயில் கிடக்க வேண்டும் என்று சட்டம் போடுமா? அதைத் தாண்டிக் கடைசிக்குப் போங்கள். அங்கே இரண்டு குறிப்பாணைகளைத் தேடுங்கள். ஒன்று, இந்தச் சட்டத்துக்கு அரசுக்கு எவ்வளவு செலவு என்று சொல்லும் நிதிக் குறிப்பாணை. இன்னொன்று, எந்தெந்த விவரங்களை அரசு பின்னால் விதிகளாக எழுதிக்கொள்ளப் போகிறது என்ற பட்டியல்.

நிதிக் குறிப்பில் புதிய ஆணையத்தின் சம்பளம், அலுவலகச் செலவு என்று மட்டும் இருந்து, சிகிச்சைச் செலவுக்கு ஒரு வரியும் இல்லையென்றால் அங்கேயே ஒரு வட்டம் போட்டு வையுங்கள். உரிமை கொடுத்தாயிற்று, பில் யார் பெயரில் என்று எழுதவில்லை என்று அர்த்தம். என் கவலைகளில் பாதி அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது.

அப்புறம் பென்சிலை எடுத்து "வகுத்துரைக்கப்படும்" என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். விதிகளில் சொல்லிக்கொள்கிறோம் என்பதற்குச் சட்டத்தமிழ் அது. சிறிய விஷயங்களுக்கு அது வரலாம், வரத்தான் வேண்டும். விண்ணப்பப் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சட்டமன்றம் உட்கார்ந்து எழுத முடியாது. ஆனால் பணம், கால அளவு, தகுதி, தண்டனைக்கு உரியது எது என்ற நான்கில் எதன் மேலாவது அந்தச் சொல் உட்கார்ந்திருந்தால், மசோதாவின் அந்தப் பகுதி இன்னும் எழுதப்படவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-இல் வந்தது. அதற்கான விதிகள் 2018-இல்தான் வந்தன. இருபத்தொரு வருடம் அது புத்தகத்தில் தூங்கியது. விதி வந்த பிறகுதான் கிளினிக் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் பதிவுக்காக மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரின் (ஜே.டி.) ஆபீசுக்கு ஃபைலோடு நடந்தார்கள். அதுவரை அந்தச் சட்டத்தை யாரும் ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. இப்படி ஒன்று இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது.

சொல்லின் அர்த்தம் எங்கே இருக்கிறது?

அடுத்து இரண்டாம் கூறுக்குப் போங்கள். வரையறைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நான் ஒரு எளிய பழக்கம் வைத்திருக்கிறேன். மசோதாவின் நடுவில் கடிக்கிற மாதிரி ஒரு சொல் வந்தால், அதற்கு வரையறை இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பேன். இல்லையென்றால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

முன்னே சொன்ன மருத்துவ ஆணைய மசோதாவின் 49-ஆம் கூறு, மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2018 மார்ச்சில் கைவிடப்பட்டது. எங்களுக்கெல்லாம் சந்தோஷம். 2019-இல் மசோதா மறுபடி வந்து சட்டமானபோது, 32-ஆம் பிரிவில் சமூக சுகாதாரப் பணியாளர் என்ற புது ஆள் நின்றார். நவீன மருத்துவத் தொழிலோடு தொடர்புடையவர் யாருக்கும், ஒழுங்குமுறைகளில் சொல்லப்படும் தகுதி இருந்தால், குறைந்த அளவு உரிமம் தரலாம் என்கிறது அது. "தொடர்புடையவர்" என்றால் யார்? நர்ஸா, பார்மசிஸ்டா, லேப் டெக்னீஷியனா? சட்டம் சொல்லவில்லை. எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, உரிமம் பெற்ற மருத்துவர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பணியாளர் தன் பொறுப்பில் மருந்து எழுதுவது ஆரம்ப, தடுப்பு சிகிச்சையில் மட்டும்தான். மற்றதெல்லாம் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில். இதை மறைத்துவிட்டு "போலி டாக்டர்களுக்கு லைசென்ஸ்" என்று எழுதினால், எதிர்ப்பக்கம் இருக்கும் அதிகாரி அந்த ஒரு வரியைக் காட்டியே உங்கள் கடிதத்தை ஓரம் கட்டிவிடுவார். நமக்குச் சாதகமில்லாத வரியையும் சேர்த்தே மேற்கோள் காட்டுங்கள். அப்புறம் கேளுங்கள்: மேற்பார்வை என்றால் என்ன? பக்கத்தில் நிற்பதா, போனில் இருப்பதா, மாதம் ஒரு முறை ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவதா? என் துறையில் இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு உயிர் இருக்கிறது.

ஒரு ராத்திரியை அந்த வரிக்குள் அனுப்பிப் பாருங்கள்

இதுதான் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம். சட்டம் எழுதுகிறவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது என்றால், அது நீங்கள் விழித்திருந்த ராத்திரிகள்தான். உண்மையாக நடந்த ஒன்றை எடுத்து, மசோதாவின் ஒரு கூறுக்குள் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நடத்திப் பாருங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கேதான் உங்கள் ஆட்சேபம் இருக்கிறது.

ராஜஸ்தான் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். விபத்து, பாம்புக்கடி, விலங்குக்கடி, மாநில ஆணையம் முடிவு செய்யும் மற்ற அவசரங்கள் ஆகியவற்றுக்கு முன்பணம் கேட்காமல் சிகிச்சை தர வேண்டும். ஒவ்வொரு நிலையமும் தன் தரத்துக்கு ஏற்றபடி தர வேண்டும். நோயாளியை நிலைப்படுத்தி வேறிடத்துக்கு அனுப்பிய பிறகு அவர் பணம் தராவிட்டால், வகுத்துரைக்கப்படும் முறையில் அரசு அதை ஈடுசெய்யும். சாரம் இவ்வளவுதான். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது என் ராத்திரி. பன்னிரண்டு கட்டில் மகப்பேறு மனை. ஒரு சிசேரியன் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன், மணி இரண்டு இருக்கும். வாசலில் ஒரு ஆட்டோ. இருபது வயதுப் பையன், களத்து மேட்டில் தரையில் படுத்திருந்தவன். வயிற்றுவலி என்று எழுந்தானாம். இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. கடித்த இடம் சரியாகத் தெரியவில்லை. கட்டுவிரியன் அப்படித்தான், வலிக்காமல் கடித்துவிட்டுப் போய்விடும். விஷமுறிவு மருந்து அந்த மனையில் இல்லை, வென்டிலேட்டர் இல்லை. நான் இருந்தேன், அது அவன் நேரம். மூச்சுக்குழாயில் டியூப் போட்டேன். கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை அமுக்கிக்கொண்டே 108-இல் அவனோடு போனேன்.

இந்தப் பையனை அந்த வரிக்குள் அனுப்புங்கள். வந்தது வயிற்றுவலி, பாம்புக்கடி என்று யாரும் சொல்லவில்லை. இது அவசரம்தான் என்று முடிவு செய்கிறவர் யார், அந்த நிமிடத்தில் வாசலில் நிற்கும் டியூட்டி நர்ஸா? தரத்துக்கு ஏற்றபடி என்றால், மகப்பேறு மனையின் தரத்தில் பாம்புக்கடி உண்டா? நான் அன்றைக்கு அங்கே இருந்தது தற்செயல். நான் இருந்ததால் அந்த மனையின் தரம் உயர்ந்துவிட்டதா, நான் கிளம்பியதும் இறங்கிவிட்டதா? நிலைப்படுத்துவது என்றால் டியூப் போட்டது போதுமா? கட்டுவிரியன் கடிக்கு மூச்சுத்தசை மீள நாள்கணக்கில் ஆகலாம். வென்டிலேட்டர் இருக்கும் இடம் போய்ச் சேரும்வரை அவன் நிலைப்பட்டவனே இல்லை.

அடுத்து பணம். ஈடு கேட்கும் உரிமை நிலையத்துக்கு. நான் நிலையம் இல்லை, நிலையத்தின் ஊழியரும் இல்லை. தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் நடக்கும் ஆபரேஷன்களில் மயக்க மருத்துவர் பெரும்பாலும் என்னைப் போல வெளியிலிருந்து வருகிறவர்தான். அவசரத்துக்கு முதலில் தேவைப்படும் ஆள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத ஆளாக இருக்கிறார். ஏற்கெனவே காப்பீட்டு பேக்கேஜில் ஆபரேஷனுக்கு ஒரே தொகை. அதற்குள்தான் சர்ஜன், மருந்து, படுக்கை, நான் எல்லோரும் நெருக்கி உட்கார வேண்டும். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஐந்தாவது ஆள் மாதிரி.

அன்றைக்கு நான் காசு கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் ஒரு மருத்துவர் மனசு வைப்பதை நம்பிச் சட்டம் எழுதக் கூடாது. மனசு வைக்காத ஆள் வரும் ராத்திரிக்காகத்தானே சட்டம்?

எழுத முடியாத காரியம் ஒன்றும் இல்லை. நம் அரசின் "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரில் ஆரம்பித்தபோது, விபத்து நடந்து முதல் 48 மணி நேரம், ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, இந்தச் சிகிச்சைகள், இந்த ஆஸ்பத்திரிகள் என்று எழுதி வைத்தார்கள். அதிலும் குறை சொல்லலாம், ஆனால் பில் யாருக்கு என்பதில் சந்தேகமில்லை. உங்கள் கடிதத்தில் இப்படி ஒன்றைக் காட்டினால், எதிர்க்கிறவர் என்ற பெயர் போய், வழி சொல்கிறவர் ஆகிவிடுவீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் கடமையை எதிர்க்காதீர்கள்

2023-இல் அந்தச் சுகாதார உரிமை மசோதாவை எதிர்த்து ராஜஸ்தான் டாக்டர்கள் போராடியபோது எங்கள் பக்கத்து இளம் டாக்டர் ஒருவர், "அவசர நோயாளியைப் பார்க்கணும்னு எங்களைக் கட்டாயப்படுத்த முடியாது" என்று ஒரு வரைவு எழுதிக்கொண்டு வந்தார். "தம்பி, 1989-லேயே கட்டாயப்படுத்தியாச்சு" என்றேன். பரமானந்த் கடாரா வழக்கில், அரசு டாக்டரோ தனியாரோ, உயிரைக் காப்பாற்றும் கடமை எல்லோருக்கும் உண்டு, போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்தில் அடிபட்டவருக்குச் சிகிச்சை தருவதை மோட்டார் வாகனச் சட்டமும் கடமையாக்கியிருக்கிறது.

ஆகவே, மசோதா எதைப் புதிதாகச் சேர்க்கிறது, எதைப் பழைய சட்டத்திலிருந்து திருப்பிச் சொல்கிறது என்று இரண்டு நிறத்தில் கோடு போடுங்கள். பழையதன் மேல் நம் ஆத்திரத்தைச் செலவழித்தால், படிக்கிற பொதுஜனத்துக்கு நாம் சாகக் கிடக்கிறவனிடம் அட்வான்ஸ் கேட்கிற கூட்டமாகத்தான் தெரிவோம். சிலர் கேட்கவும் செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாதா என்ன? சட்டம் வருவதற்குக் காரணமே அவர்கள்தான்.

தண்டனைப் பகுதியைப் பற்றிச் சுருக்கமாக. எல்லோரும் தொகையைப் பார்த்துப் பதறுவார்கள். ராஜஸ்தானில் முதல் தவறுக்குப் பத்தாயிரம், அடுத்ததுக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை. அந்தத் தொகையில் யாரும் மூழ்கிவிட மாட்டார்கள். பார்க்க வேண்டியது புகாரை விசாரிக்கும் குழுவில் மருத்துவம் தெரிந்தவர் இருக்கிறாரா, மேல்முறையீடு யாரிடம், எத்தனை நாளில் என்பது. சிறைத் தண்டனை இருந்தால் கதை வேறு. கர்நாடகத்தில் 2017-இல் தனியார் மருத்துவ நிலையச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். சிகிச்சையில் அலட்சியத்தால் மரணம் என்றால் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவே டாக்டருக்கு இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. புது மசோதா அதன் மேல் இன்னொரு அடுக்கு வைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எழுதும் விதம்

ஒரு பக்கம். மிஞ்சினால் இரண்டு. மூன்று ஆட்சேபங்களுக்கு மேல் வேண்டாம். முப்பது எழுதினால் முப்பதும் சமம் ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் கூறு எண், அது எங்கே தடுக்கிறது, அதற்குப் பதில் என்ன வாசகம் வேண்டும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மாற்று வாசகம் தராத ஆட்சேபம், டோஸ் எழுதாத மருந்துச் சீட்டு மாதிரி.

ராஜஸ்தான் சட்டத்தின் அந்த வரி நாளைக்கு நம் ஊர் மசோதாவில் வந்தால், என் கடிதத்தின் ஒரு பத்தி இப்படி இருக்கும்:

"கூறு இன்ன எண். அவசர சிகிச்சைக்கு நோயாளி பணம் தராவிட்டால் அரசு ஈடுசெய்யும் என்கிறது. எத்தனை நாளில், எந்த விகிதத்தில் என்று சொல்லவில்லை. சிறு மருத்துவமனைகளில் அவசர நோயாளிக்கு வெளியிலிருந்து மயக்க மருத்துவரை அழைக்க வேண்டியிருக்கிறது. அவர் மருத்துவமனையின் ஊழியர் இல்லை. ஆகவே பின்வரும் வாசகத்தைச் சேர்க்கக் கோருகிறேன்: 'ஈட்டுத்தொகையில் அழைக்கப்பட்ட வெளி மருத்துவரின் கட்டணமும் நோயாளியை இடமாற்றும் செலவும் அடங்கும். அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் விகிதத்தில், கோரிக்கை பெறப்பட்ட முப்பது நாட்களுக்குள் வழங்கப்படும்.' என் நலன்: அப்படி அழைக்கப்படும் மருத்துவர்களில் நானும் ஒருத்தி."

அந்தக் கடைசி வரியை வெட்கப்படாமல் போடுங்கள். கட்டண வரம்பு வரும் என்றால் நம் வருமானம் குறையும், அது நமக்குக் கவலைதான். அதை நோயாளியின் நலன் என்ற போர்வைக்குள் ஒளித்து எழுதினால் முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும். என் கட்டணம் பற்றிய ஆட்சேபம் இது, நோயாளியின் பாதுகாப்பு பற்றியது இது என்று பிரித்து எழுதினால் இரண்டாவதை நம்புவார்கள்.

அனுப்புவதற்கு முன் டாக்டர் இல்லாத ஒருவரிடம் காட்டுங்கள். நான் மேலே உள்ள பத்தியை ஒரு நர்சிங் ஹோமில் ஓ.டி. சிஸ்டரிடம் கொடுத்தேன். முப்பது வருடம் தியேட்டரில் நின்றவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"மேடம், இடமாற்றும் செலவுன்னு போட்டிருக்கீங்க. ஆம்புலன்ஸ்ல யாரு பேக் அமுக்கறதுன்னு போடலையே?"

"நான்தானே போவேன் சிஸ்டர்?"

"நீங்க போவீங்க. அடுத்த கேஸ் இருந்தா எங்களைத்தானே ஏத்தி விடுவாங்க? போன தடவை புதுசா சேர்ந்த பொண்ணை ஏத்தி விட்டாங்க. அது போற வழியெல்லாம் அழுதுகிட்டே அமுக்கிச்சாம்."

நான் அதை யோசிக்கவே இல்லை. டியூப் போட்ட நோயாளியோடு மூச்சுப் பாதையைக் கையாளப் பயிற்சி பெற்ற ஒருவர் போக வேண்டும், அவரை அனுப்பும் பொறுப்பு இன்னாருடையது என்று ஒரு வரி சேர்த்தேன். இப்போது அந்த வரிதான் என் கடிதத்தின் முதல் வரி.

எங்கே, எப்போது அனுப்புவது

மத்திய அரசின் வரைவு என்றால், 2014-இல் வகுத்த கொள்கைப்படி அமைச்சகங்கள் வரைவை முப்பது நாளாவது பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும், எளிய நடையில் ஒரு விளக்கக் குறிப்போடு. அது சட்டமில்லை, கொள்கைதான். எல்லா நேரமும் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். நடந்தால், இருபத்தொன்பதாவது நாள் அனுப்பாதீர்கள்.

மசோதா நிலைக்குழுவுக்குப் போனால் நல்ல நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள், அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். நேரில் வந்து சொல்ல விருப்பமிருந்தால் அதையும் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். ஒரு விஷயத்தில் கவனம்: குழுவுக்குக் கொடுத்த மனு குழுவின் ஆவணம், அது ரகசியமாக வைக்கப்படும். அனுப்பிய கையோடு அதை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.

மாநில மசோதாவுக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் அறிமுகமாகி, ஓரிரு நாளில் நிறைவேறிவிடுவது சாதாரணம். அதனால் முன்கூட்டியே தொகுதி எம்.எல்.ஏ.வைப் பாருங்கள். அவரிடம் கூறு எண் பேசாதீர்கள். அந்தக் கட்டுவிரியன் ராத்திரியைச் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்தில். மடித்த ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். காபி வரும்வரை உட்கார வேண்டாம், வெளியே நாற்பது பேர் நிற்பார்கள்.

வேலைநிறுத்தம் பற்றி என் கருத்தைக் கேட்பார்கள். 2023-இல் ராஜஸ்தான் டாக்டர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நடத்தினார்கள். ஏப்ரல் 4 அன்று அரசோடு உடன்பாடு: ஐம்பது படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரிகளையும், அரசிடம் நிலம், கட்டடம் என்று சலுகை எதுவும் வாங்காத தனியார் ஆஸ்பத்திரிகளையும் சட்டத்திலிருந்து விலக்கி வைப்பதாக. இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள். ஆனால் அவையில் மார்ச் 21 அன்று நிறைவேறிய வாசகம் அப்படியேதான் ஆளுநரின் ஒப்புதலுக்குப் போனது. உடன்பாட்டுத் தாள் வேறு, சட்டத் தாள் வேறு. எந்த மாநிலத்திலும் சங்கத் தலைவர்கள் "ஒத்துக்கிட்டாங்க" என்று சொன்னால், எந்தக் கூறில், எந்த வாசகமாக என்று கேளுங்கள். விதியாக வரும் என்றால், விதி வரைவு எப்போது வெளியாகும் என்று கேளுங்கள். அந்த உடன்பாட்டால் விலகி நிற்கப்போவது பன்னிரண்டு கட்டில் மனைகள்தான், அந்தப் பையன் வந்து இறங்கியதும் அப்படி ஒரு மனையின் வாசலில்தான் என்பதையும் நான் மறக்கவில்லை. எங்களுக்கு வேண்டியது விலக்கு என்று நான் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை.

அனுப்பியதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். மின்னஞ்சல் என்றால் அச்செடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து, வந்த கருத்துகள் எத்தனை, என்ன முடிவெடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். நான் இரண்டு முறை கேட்டேன். ஒரு முறை, பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. இன்னொரு முறை பதில் வந்ததோடு, என் மாற்று வாசகத்தை யாரோ பென்சிலால் அடிக்கோடிட்ட நகலும் கூடவே வந்தது. சட்டத்தில் அது சேரவில்லை. விதி வரைவு வரும்போது திரும்ப அனுப்ப அதே தாளை எடுத்து வைத்திருக்கிறேன், தேதியை மட்டும் மாற்ற வேண்டும்.